அக்டோபரில் திரும்பி வந்த தேனீப் பெட்டிகள்

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ரொட்டியில் தேன் தடவியவர்கள் அத்தனை பேரும் ஆர்வித்தின் தேனைத்தான் தடவினார்கள் என்று நான் சொல்வதுண்டு. கொஞ்சம் கூடுதல்தான். எங்கள் ஊரும் பக்கத்து ஊரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி தூக்கித் தூக்கி முதுகு பழுதானதும், ஆர்வித் முன்னூறு பெட்டிகளோடு வியாபாரத்தைக் குர்ட் என்பவனுக்கு விற்றார். எண்பதாயிரம் டாலர், எட்டு வருஷத் தவணை. இரண்டு தவணை வந்தது, மூன்றாவது வரவில்லை. அக்டோபரில் போய்ப் பார்த்தால், குளிர்காலத்தில் தேனீக்கள் தின்னச் சர்க்கரைப் பாகுகூட ஊற்றாமல் பெட்டிகள் வயலில் கிடந்தன.

"எடுத்துட்டுப் போயிடுங்க. அத்தோட நம்ம கணக்கு முடிஞ்சுது" என்றான் குர்ட்.

ஆர்வித் அன்றே ஏற்றிவந்தார். எண்பது மூட்டை சர்க்கரை வாங்கிப் பாகு ஊற்றினார். ஜனவரிக் குளிரில் எல்லாம் செத்தன.

மார்ச்சில், வரிக்கணக்கு எழுதும் மார்லிஸிடம் போனார். அவர் மனைவி போர்கில்டும் பக்கத்து வீட்டிலிருந்து நானும் உடன் போனோம். வராத அறுபதாயிரத்தை நஷ்டமாகக் காட்டினால் ஓய்வூதியத்தில் பிடித்த வரி திரும்பும், அதில் புதுத் தேனீ வாங்கலாம் என்பது அவர் எண்ணம்.

"அந்த அறுபதாயிரத்துக்கு வரி கட்டினீங்களா?" என்றாள் மார்லிஸ்.

"வந்தாத்தானே கட்டுவேன்."

"அப்ப அது நஷ்டம் ஆகாது. போட்ட முதல் போனாத்தான் நஷ்டம். தேனீ என்ன விலைக்கு வாங்கினீங்க?"

"எங்க வாங்கினேன்? அதுவாப் பிரிஞ்சு பெருகினது. பெட்டி, நானே மிச்சப் பலகையில அடிச்சது."

"அப்ப முதலே இல்ல. அக்டோபர்ல எடுத்தீங்களே, உயிரோட இருந்துதா?"

"நல்லா இருந்துது."

"அன்னிக்கு அதுக்கு என்ன விலையோ, அது உங்களுக்கு வந்த வரவு. வரி கட்டணும்."

"செத்துப்போச்சேம்மா."

"ஜனவரியில செத்தது அடுத்த வருஷக் கணக்கு. அங்கதான் கழிக்கலாம்."

"எனக்குத் தேனீ இந்த வசந்தத்துக்கல்ல வேணும்?"

மார்லிஸ் பென்சிலைக் கீழே வைத்தாள். "பனி முடிஞ்சு, செத்தப்புறம் எடுத்திருந்தா இந்த வரி வந்திருக்காது."

"பசியோட விட்டுட்டா?"

ஆர்வித் தொப்பியை மாட்டிக்கொண்டு, எண்பது மைல் தூரமும் ஒரு வார்த்தை பேசாமல் வண்டி ஓட்டினார்.

இதை எழுதிப் போர்கில்டிடம் படித்துக் காட்டினேன்.

"எண்பது இல்ல, பன்னெண்டு மைல்" என்றாள். "அவரு பேசினாரு. 'கொட்டகையில பதினோரு மூட்டை சர்க்கரை மிச்சம் இருக்கு, புதுத் தேனீக்கு ஆகும்'ன்னாரு."