செவ்வாய்க்கிழமைக் கூலி

பானுப்ரியாவின் மகள் சக்திக்குக் காது மிஷின் இலவசமாகத்தான் கிடைத்தது. அரசு முகாமில் டாக்டர் இரண்டு காதிலும் அதை மாட்டிவிட்டு, பின்னால் போய் நின்று கைதட்டினார். அதுவரை எந்தச் சத்தத்துக்கும் திரும்பாத மூன்றரை வயதுப் பிள்ளை, திடுக்கிட்டுத் திரும்பி ஓவென்று அழுதாள். பானுப்ரியாவும் கூடவே அழுதாள்.

"மிஷின் மாட்டிட்டா மட்டும் பேச்சு வந்துராதும்மா. வாரா வாரம் செவ்வாக்கிழம அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கூட்டிட்டு வரணும். வருசக்கணக்குல ஆகும். நடுவுல விட்டுறக் கூடாது" என்றார் டாக்டர்.

பயிற்சிக்கும் காசு கிடையாது. ஆனால் பானுப்ரியாவின் ஊர் ஆண்டிமடத்தைத் தாண்டி இருக்கிறது. ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறி அரியலூர் போய்த் திரும்பினால் ஒரு பகல் முழுசாகப் போய்விடும். அவள் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். வறுத்த கொட்டையைத் தட்டிப் பருப்பை உடையாமல் எடுக்க வேண்டும். ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும் என்று கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உட்கார வேண்டும். உடைத்த எடைக்குத்தான் கூலி. வராத நாளைக்கு ஒன்றுமில்லை. அவள் வீட்டுக்காரன் சரத்குமார் லாரியில் சிமெண்ட் மூட்டை ஏற்றப் போவான். அதுவும் எல்லா நாளும் இருக்காது.

ஒரு மாதம் விடாமல் அரியலூர் போனாள். அந்த மாதம் மளிகைக்கடையில் பாக்கி ஏறிவிட்டது. அடுத்த மாதம் ஒரு முறைதான் போக முடிந்தது. அதற்கப்புறம் நின்றுபோனது. பயிற்சி இல்லாத பிள்ளைக்கு மிஷின் வெறும் இரைச்சலாகத்தான் இருந்திருக்க வேண்டும். மாட்டின உடனே பிய்த்து எறிந்தாள். பேட்டரி தீர்ந்ததும் பானுப்ரியா அதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டாள்.

குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தபோது, ரேஷன் கடை முகாமில் அவளும் வரிசையில் நின்று எழுதிக் கொடுத்தாள். பணம் அவள் பேரில் இருந்த பேங்க் கணக்குக்குத்தான் வந்தது. ஆனால் கணக்கோடு சேர்ந்திருந்தது சரத்குமாரின் போன் நம்பர். மெசேஜ் அவனுக்குப் போயிற்று. ஏடிஎம் கார்டும் அவன் சட்டைப்பையில். முதல் மாதப் பணம் பைக் தவணைக்குப் போன பிறகுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது.

"நான் என்ன குடிச்சா அழிச்சேன்? வண்டிய தூக்கிட்டுப் போயிருவான்ல" என்றான் அவன்.

"வண்டிக்கு நீங்க கட்டுங்க. இது எனக்கு வந்தது. இத வச்சு நான் அரியலூர் போவேன்."

"பஸ்ஸுக்கு எதுக்கு ஆயிரம் ரூபா?"

"பஸ்ஸுக்கு இல்லங்க. செவ்வாக்கிழம நான் வேலைக்குப் போவ மாட்டேன். அந்தக் கூலிக்கு இது."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். கார்டையும் தரவில்லை. மறுநாள் அவள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு பேங்குக்குப் போனாள். கணக்கில் தன் நம்பரைச் சேர்த்து, புது கார்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று ராத்திரி அதை அவனிடம் மறைக்காமல் சொல்லவும் செய்தாள். இரண்டு நாள் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான்.

அடுத்தது முந்திரிக் கொட்டகை முதலாளி கலைச்செல்வன். "வாரா வாரம் ஒரு நாள் நீ வரலன்னா, அந்த எடத்துல நான் யார உக்கார வைக்கறது? நெனச்சப்ப வர்றதுன்னா வேற கொட்டகை பாத்துக்க" என்றார்.

"சரிங்கண்ணே, பாத்துக்கறேன்" என்று எழுந்துவிட்டாள். அப்படி எழுவாள் என்று அவரும் நினைக்கவில்லை, அவளும் நினைத்து வரவில்லை. மாதம் ஒரு பணம் நிச்சயம் வரும் என்ற தைரியம்தான் அவளை எழுப்பியது. ரெண்டு வாரம் பக்கத்து ஊர்க் கொட்டகைக்கு நடந்து போனாள். அதற்குள் கலைச்செல்வனே ஆள் அனுப்பினார். பருப்பை முழுசாக எடுக்கிற கை அது, அவருக்கும் விட மனசில்லை. செவ்வாய்க்கிழமை விட்டதை மற்ற நாளில் வீட்டில் வைத்து உடைத்துக் கொடுப்பது என்று பேச்சு முடிந்தது.

அரியலூரில் பயிற்சி கொடுத்தவள் ஹுஸ்னா என்ற இளம்பெண். லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து போகிறவள். டப்பாவிலிருந்து வந்த மிஷினைத் துடைத்துப் புது பேட்டரி போட்டபடி, "எட்டு மாசம் போயிருச்சேக்கா" என்றாள். திட்டவில்லை. "முதல்ல இவளுக்குச் சத்தம்னா பிடிக்கணும். பேச்சு அப்புறம் வரும், இன்ஷா அல்லாஹ்."

டம்ளரைத் தட்டினால் பிள்ளை ஒரு பாசிமணியை டப்பாவில் போட வேண்டும். மேளச் சத்தம் கேட்டால் குதிக்க வேண்டும். இதையே வாரக்கணக்கில் செய்தார்கள். வீட்டிலும் தினம் செய்யச் சொன்னாள் ஹுஸ்னா. பானுப்ரியா கொட்டை உடைக்கும்போதே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தட்டுவதும் நிறுத்துவதுமாகப் பழக்கினாள். மாதங்கள் ஓடின. ஒரு சொல் வரவில்லை. பஸ்ஸில் பழக்கமான பெண்கள், "எதுக்கு இப்படி அலையறீங்க?" என்று கேட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே பிள்ளையின் காதில் மிஷின் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாள்.

ஒரு மழை நாள், திரும்பி வரும் பஸ் உடையார்பாளையத்தில் நின்றது. ஆள் ஏறியதும் கண்டக்டர் விசில் கொடுத்து, "போலாம்" என்று கத்தினார். மடியிலிருந்த சக்தி, "போலா" என்றாள்.

பானுப்ரியாவுக்கு முதலில் யார் பேசியது என்றே தெரியவில்லை. அடுத்த ஸ்டாப்பிங்கில் கண்டக்டர் கத்தியதும் பிள்ளை இன்னும் பலமாக, "போலா!" என்றாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டருக்கு விஷயம் புரியவில்லை. ஆனாலும் ஜெயங்கொண்டம் வரை ஒவ்வொரு ஸ்டாப்பிங்கிலும் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கத்தினார்.

அந்தச் சந்தோசம் கொஞ்ச நாள்தான். லாரியிலிருந்து மூட்டை சரிந்து சரத்குமாரின் கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு வீட்டில் படுத்தான். வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: இந்த நேரத்தில் அரியலூர் தேவையா, அந்தப் பணத்தில் அரிசி பருப்பு வாங்கலாமே. ஒரு செவ்வாய்க்கிழமை அவளும் போகவில்லை. அடுத்த வாரம் காலையில் சக்தியே மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

பானுப்ரியா கணவனிடம் போய், "நாலு மாசத்துல உங்க காலு சேந்துரும். இவளுக்கு இப்ப விட்டா அப்புறம் சேராதுங்க" என்றாள். "சாயங்காலம் வந்து இன்னொரு மூட்ட ஒடைக்கறேன். சோத்துக்கு வழி இருக்கு."

சரத்குமார் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். பிறகு, "நான் சும்மாதான கெடக்கறேன். என்னென்ன செய்யச் சொல்றாங்கன்னு கேட்டுட்டு வா. வூட்ல நான் செய்ய வைக்கறேன்" என்றான்.

அப்புறம் அவள் கொட்டகையிலிருந்து வரும்போது வீட்டுக்குள் ஒரே ரகளையாக இருக்கும். கட்டில் மேல் காலை நீட்டிக்கொண்டு அப்பன் தட்டைத் தட்டுவான், மகள் குதிப்பாள். 'ஆடு', 'மாடு', 'பால்' எல்லாம் அவன் காலத்தில் வந்த சொற்கள். கால் சேர்ந்து வேலைக்குப் போன பிறகும் ராத்திரிப் பயிற்சி அவனுடையதாகவே இருந்தது.

போன ஜூனில் சக்தியை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனார்கள். டீச்சர் மிஷினைப் பார்த்துத் தயங்கினார். "இவளுக்குன்னு தனிப் பள்ளிக்கூடம் இருக்கேம்மா..."

"இவ பேச்சக் கேக்கறா டீச்சர். முன்னால உக்கார வச்சு, முகத்தப் பாத்துப் பேசுங்க, போதும். ஒரு மாசம் பாருங்க. ஆனா செவ்வாக்கிழம மட்டும் வர மாட்டா."

டீச்சர் குனிந்து, "உன் பேரு என்ன?" என்று கேட்டார்.

"தத்தி" என்றாள் பிள்ளை.

பெஞ்சிலிருந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சரத்குமார் முகம் கறுத்துப்போனது. ஆனால் சக்தி பெஞ்சுப் பக்கம் திரும்பி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவர்களுக்குத்தான் காது கேட்கவில்லை என்பது போல இன்னும் உரக்கச் சொன்னாள்: "தத்தி!"

டீச்சர் பதிவேட்டில் பேரை எழுதிக்கொண்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பானுப்ரியா ஹுஸ்னாவிடம் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். "ஸ வரணும் மேடம். பேரச் சொன்னா சிரிக்கறாங்க."

"அது ரொம்ப மெலிசான சத்தம்க்கா. இவளுக்குக் கேக்கறதே கஷ்டம். ஆறு மாசம் ஆகும், மேலயும் ஆகலாம்."

"ஆவட்டும். இன்னிக்கே ஆரம்பிங்க."

ஹுஸ்னா ஒரு காகிதத்தை நீளமாகக் கிழித்துப் பிள்ளையின் வாய்க்கு நேராகப் பிடித்தாள். பல்லைச் சேர்த்துக் காற்று விட்டுக் காட்டினாள். காகிதம் நடுங்கியது. சக்தி கூர்ந்து பார்த்தாள். முதல் தடவை எச்சில்தான் தெறித்தது. பானுப்ரியா முந்தானையால் துடைத்துவிட்டு, "ம், இன்னொருக்கா" என்றாள்.