ஜீப்பில் விழுந்த வெட்டு

எங்கள் தீவு நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து, இந்திய வம்சாவளியினரின் வீடுகள் சூறையாடப்பட்ட சமயம். நாடி என்ற ஊரில் ஒரு பள்ளியில், வகுப்புக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பேசும் வேலை எனக்கு. சரோஜினி என்ற மாணவி வாரக்கணக்கில் வரவில்லை. கரும்புத் தோட்டத்துக்குள் இருந்த அவள் வீட்டு வாசலில் பள்ளி ஜீப்பை நிறுத்தி, இறங்கும்முன்பே அவள் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன்.

அவள் அப்பா கரும்பு வெட்டும் கத்தியோடு ஓடிவந்தார். ஜீப் கதவில் ஓங்கி ஒரு வெட்டு விழுந்தது.

"எம் பொண்ணு பேரைச் சொல்றியா? யாரு அனுப்புனா உன்னை?"

"ஸ்கூல்லேருந்து வரேண்ணே!" என்று அலறினேன்.

கத்தி தாழ்ந்தது. கோபம் தாழவில்லை.

"போன வாரம் வீட்டைச் சூறையாட வந்தவனுங்களும் ஜீப்புலதான் வந்தானுங்க. பேரைச் சொல்லித்தான் பொண்ணு எங்கேன்னு கேட்டானுங்க. கரும்புக்குள்ள ஒளிச்சு வெச்சேன். அப்போ உன் ஸ்கூல் எங்கே போச்சு? நாங்க நியூசிலாந்து போறோம். நீ ஜாவ், போ!"

வீட்டுக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினார். வண்டியைத் திருப்பினேன். சரோஜினியை அதன்பிறகு நான் பார்க்கவேயில்லை.

இப்போதெல்லாம் வண்டியைச் சாலையிலேயே விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு நடந்தே போகிறேன். பிள்ளையின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் நான் யாரென்று சொல்கிறேன்.