பின் சீட்டில் சரசு

எங்கள் காரின் ஏர்பேக்கில் கோளாறு, விரியும்போது இரும்புத் துண்டு தெறிக்கலாம் என்று கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. பாலக்காட்டு சர்வீஸ் சென்டரில் கேட்டபோதெல்லாம் "பார்ட் வரல" என்றார்கள். அதட்டிக் கேட்க எனக்கு வராது. மனைவி சரசு பயப்படுவாளே என்று காரணம் சொல்லாமல், அவளைப் பின் சீட்டில் உட்காரச் சொன்னேன்.

"ஊட்டுக்காரரோட சண்டையா அக்கா?" என்று எங்கள் ஊர் கோவிந்தாபுரத்தில் அவளைக் கேட்டார்களாம். சரசு என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

ஒரு நாள் சர்வீஸ் சென்டருக்கு அவளும் வந்தாள். கவுண்டரில் இருந்த பெண், "முன்னால ரெண்டு பக்கமும் ஆபத்து, பாத்துக்குங்க" என்றாள்.

சரசு என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, இதுக்குத்தானா? அப்ப உங்க பக்கம்?"

"ஓட்டறதுக்கு ஓராள் வேணுமில்ல."

"நல்லா ஓட்டுனீங்க போங்க." என்னிடமிருந்து சாவியை வாங்கி மேசைமேல் வைத்தாள். "வண்டி இங்கயே நிக்கட்டும் கண்ணு. மாட்டிட்டுக் கூப்புடு."

"நிறுத்த இடமில்லைங்க அக்கா."

"அப்பச் சீக்கிரம் மாட்டிருவீங்க."

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். பெண்கள் சீட் முன்னால். கூட்டத்துக்கு நடுவே, எனக்கு இடம் கிடைத்ததா என்று சரசு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்காகப் பயப்படவும் ஒருத்தி இருக்கிறாள் என்பதை அதுவரை நான் நினைத்ததே இல்லை.