நாலாவது கேள்வி

அன்றைக்கு அஜ்மானில் எங்கள் ஃபிளாட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, மாமா, மாமி, அம்மாவோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த இரண்டு நர்ஸ் அக்காமார், ஏழு வீடுகளிலிருந்து ஜோடி ஜோடியாக வந்த பதினான்கு பேர், ஷார்ஜாவில் ஒரே ரூமில் தங்கிப் படகு வேலை பார்த்த பதின்மூன்று அண்ணன்மார். ஓட்டு உள்ளவர்கள் ஆக முப்பத்து மூன்று. ஓட்டு இல்லாதவர்கள் மாமா மகளும் நானும். எனக்கு அப்போது பத்து வயது. கீழே லிஃப்ட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரரையும் நான் கணக்கில் வைத்திருந்தேன். காலையிலிருந்து இரண்டு தடவை கீழே போய் அவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

அனுமதி இல்லாமல் அங்கே கூட்டம் கூடக் கூடாது. அதனால் யாராவது கேட்டால் பிறந்தநாள் என்று சொல்ல வேண்டும் என்று மாமா ஏற்பாடு செய்திருந்தார். யாருடைய பிறந்தநாள் என்றால், அவர் மகளுடையது. அவளுக்கு உண்மையான பிறந்தநாள் மே மாதம். அதற்கும் கேக் வெட்டியாயிற்று. இப்போது அக்டோபரில் அவள் பெயர் எழுதிய இன்னொரு கேக் ஃபிரிட்ஜில் இருந்தது. என் பிறந்தநாள் ஆகஸ்டில், லீவுக்கு ஊருக்குப் போகிற அவசரத்தில், பெட்டி கட்டுவதற்கும் எடை பார்ப்பதற்கும் நடுவே வந்து போய்விடும். பிள்ளைகளே வராத பிறந்தநாளைக் காவல்காரர் எப்படி நம்புவார் என்று நான் அம்மாவிடம் கேட்டேன். "நீ ஒருத்தி போதும், காட்டிக் குடுக்க" என்றாள் அம்மா.

எங்கள் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அங்கே ஒரு சங்கம் உண்டு. அதற்குள் இரண்டு அணி. சங்கத் தேர்தல் வருவதற்கு முன்னால், செயலாளர் பதவிக்கு எங்கள் அணியில் யார் நிற்பது என்று எங்களுக்குள்ளேயே ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். அன்று நடந்தது அதுதான். நிற்க ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர், அப்பாவும் மாமாவும். இரண்டு குடும்பமும் ஒரே ஃபிளாட்டில் ஆளுக்கொரு பெட்ரூமும் பொதுவாக ஒரு அடுக்களையுமாக இருந்தோம். அந்த வாரம் முழுவதும் அப்பா உப்பு வேண்டுமென்றாலும் அம்மா வழியாகத்தான் கேட்டார்.

எனக்கு வேண்டியது வேறு. டிசம்பரில் சங்கத்தின் ஆண்டு விழா நடக்கும். சிறப்பு விருந்தினருக்கு மேடையில் பூங்கொத்து கொடுப்பது செயலாளரின் பிள்ளை என்பது வழக்கம். அப்பா வந்தால் நான். மாமா வந்தால் அவள். அவளுக்கு ஏற்கெனவே நீளமான முடி இருந்தது, ஒரு வருஷத்தில் இரண்டு பிறந்தநாள் இருந்தது, தமிழ் எழுதத் தெரிந்திருந்தது. ஊரில் மூன்றாம் வகுப்பு வரை படித்துவிட்டு வந்தவள் அவள். நான் அங்கேயே இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்ந்தவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், எழுத வராது.

ஓட்டுச் சீட்டை அவள்தான் எழுதினாள். மேலே இரண்டு பெயர், பக்கத்தில் கட்டம். அதற்குக் கீழே மாமா மூன்று கேள்விகளைச் சேர்க்கச் சொன்னார். ஒன்று, நம் ஆட்களில் யாராவது இங்கே இறந்துபோனால் உடலை ஊருக்கு அனுப்பும் முழுச் செலவையும் சங்கம் ஏற்க வேண்டுமா? இரண்டு, ஆண்டு விழா வெள்ளிக்கிழமைதான் நடக்க வேண்டுமா? மூன்று, பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அந்த வாரத்தில் முதல் தடவையாக மாமாவிடம் நேராகப் பேசினார்.

"ஆளத் தெரிஞ்செடுக்குத சீட்டுல கேள்வி எதுக்குலே?"

"அத்தான், உங்க மூஞ்சிக்கும் என் மூஞ்சிக்கும் ஓட்டுப் போட, லீவு நாள்ல எவன் தூக்கத்த விட்டுட்டு வருவான்? கேள்வின்னா வருவான்."

"பதிலு வந்தா செய்வியா?"

"அத கமிட்டி பாக்கும். கேக்கதுல நமக்கு என்ன நட்டம்?"

நட்டமில்லை என்று காதில் விழுந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. நானும் ஒரு கேள்வி போடட்டுமா என்றேன். மாமா சிரித்து, "போடு மக்ளே, உனக்கில்லாததா" என்றார். ஆனால் எழுத வேண்டியவள் அவள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: நான்கு, செயலாளரின் பிள்ளைதான் பூங்கொத்து கொடுக்க வேண்டுமா?

எழுதி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கப்பா ஜெயிச்சா நான் குடுப்பேன்லா. அதாக்கும் உனக்கு எரியுது." சொல்லிவிட்டு, கேள்விக்குறியின் புள்ளியை நிதானமாக வட்டமாக்கினாள். மற்ற மூன்று கேள்விகளையும்விட என் கேள்வியைத்தான் அழகாக எழுதியிருந்தாள். அதற்கும் சேர்த்து அவள்மேல் கோபம் வந்தது. மாமா அதை ஆபீசில் நகலெடுத்து வந்தார். வெட்டுகிற வேலை எனக்குக் கிடைத்தது.

ஷார்ஜா அண்ணன்மார் பதின்மூன்று பேரும் இரண்டு வேனில் வந்தார்கள். அதற்கு முன் எந்தக் கூட்டத்திற்கும் அவர்கள் வந்ததில்லை. ஹாலில் இடமில்லாமல் அடுக்களை வாசலில் நின்றே சீட்டை வாங்கினார்கள். பெயர்களைப் பார்க்கவில்லை. நேராக முதல் கேள்விக்குப் போனார்கள். ஒருவர் அதை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்து, "இது ஆரு போட்டது?" என்று கேட்டார். மாமா கையைத் தூக்கினார். அப்புறம்தான் அவர்கள் மேலே இருந்த பெயர்களுக்குப் போனார்கள்.

எண்ணினார்கள். மாமாவுக்குப் பத்தொன்பது, அப்பாவுக்குப் பதினான்கு. வேனில் வந்த பதின்மூன்றைக் கழித்துப் பார்த்தால் என்ன வருமென்று அப்பா விரல் மடக்கிக்கொண்டிருந்தார். கேக் வந்தது. காவல்காரருக்குக் கேட்கட்டும் என்று எல்லாரும் உரக்கப் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். அப்பாவும் கை தட்டினார். என் கேள்விக்கு இருபத்தேழு பேர் 'இல்லை' போட்டிருந்தார்கள் என்பதால் நான் அழவில்லை. செயலாளரின் பிள்ளைதான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. இருபத்தேழு பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கேக்கில் ரோஜாப்பூ வந்த துண்டு கிடைக்காதது மட்டும்தான் அன்றைய குறை.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். அரசியல் எனக்குத் தூரம். ஆனாலும் சில வருஷங்களுக்கு முன் டிவியில் ஒருவர், அமெரிக்காவில் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் சீட்டிலேயே கேள்விகளும் கேட்பதுண்டு, பதில் யாரையும் கட்டுப்படுத்தாது, பிறகு ஏன் கேட்கிறார்கள் என்று அரை மணி நேரம் விளக்கினார். நான் எழுந்து போய் அரிசி களைந்தேன். ஏன் என்று எனக்குத் தெரியும், ஆள் திரட்டத்தான். அப்புறம், எங்கள் பக்கம் இத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள் என்று எதிர் அணிக்காரனிடம் காட்டத்தான். சங்கத் தேர்தலில் மாமா அதைத்தான் செய்தார். முதல் கேள்விக்கு முப்பத்து மூன்று பேரும் 'ஆம்' போட்டதைச் சொல்லிச் சொல்லியே ஜெயித்தார்.

டிசம்பர் விழாவுக்கு அம்மாவிடம் அடம்பிடித்து வெள்ளை ஃபிராக் போட்டுக்கொண்டு போனேன். மேடைக்குப் பக்கத்தில் மாமா மகள் ரோஸ் ஃபிராக்கில் பூங்கொத்தோடு நின்றிருந்தாள். இருபத்தேழு பேர் சொன்னதை நினைவுபடுத்த நான் மாமாவைத் தேடிப் போனேன்.

அவர் திரைக்குப் பின்னால் ஷார்ஜா ரூம் அண்ணன் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த அண்ணன் கையில் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. மாமா அவர் தோளில் கை வைத்திருந்தார். நான் காத்து நின்றேன்.

"அந்த மொதக் கேள்வி அபிப்பிராயம் கேட்டதுதான தம்பி. தீர்மானம் இல்லியே. கமிட்டி கூடட்டும்."

"ஒம்பது நாளாச்சு அண்ணே. எப்பிடியாவது அவன ஊருக்கு அனுப்பணும். அவன் அம்ம வாசல்லயே கெடக்கு."

"பாப்போம்" என்று மாமா அவர் தோளைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நாலாவது கேள்வியைச் சொன்னேன். "அது சும்மா கேட்ட கேள்விதான மக்ளே" என்று கன்னத்தைத் தட்டிவிட்டு மேடைக்குப் போய்விட்டார். என்னிடம் அரை நிமிஷம்கூடப் பேசவில்லை. அந்த அண்ணனிடம் மட்டும் அவ்வளவு நேரம் பேசியிருந்தார்.

மாமா மகள் பூங்கொத்தைக் கொடுத்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. ஆனால் அவள்மேல் இருந்த பொறாமை அதற்குள் வேறொருவர் பக்கம் திரும்பியிருந்தது. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக வழியில்லை என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த ரூமில் யாரோ ஒருவரை மட்டும் எல்லாரும் சேர்ந்து ஊருக்கு அனுப்பப் பார்க்கிறார்கள், வாசலில் அம்மா வேறு காத்திருக்கிறாள். வீடு வந்து சேரும்வரை எனக்கு அந்தப் பெயர் தெரியாத ஆள்மேல்தான் பொறாமையாக இருந்தது.