சாவியைப் போட்டுக் காது கொடுப்பவர்

எங்கள் அண்ணன் புவனகிரிக்குப் பக்கத்தில் பிறந்து, கடலூரில் தொழில் பழகி, சிதம்பரத்தில் வீட்டு வாசலிலேயே டீசல் பம்பு பட்டறை வைத்தவர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் படிப்பை விட்டுவிட்டு எங்களைக் கரையேற்றினார். என் கல்யாணத்தில் மண்டபத்து ஜெனரேட்டர் நின்றுவிட, பட்டு வேட்டியோடு அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் திட்டாத ஆளில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வண்டி கிளம்பவில்லை என்று யார் வந்தாலும் உடனே ஸ்பேனரை எடுக்கமாட்டார். "சாவியப் போடு. யாரும் பேசாதீங்க" என்பார். சாவியைத் திருப்பியதும் பம்பின் மேலிருக்கும் சோலினாய்டு என்ற கரண்டு வால்வு 'டிக்' என்று திறந்து டீசலுக்கு வழிவிட வேண்டும். சத்தம் வராவிட்டால் முதலில் கரண்டைப் பார்க்க வேண்டும், அதற்குள் பம்பைக் கழற்றக் கூடாது என்பது அவர் கட்சி. அந்த நேரம் பார்த்து அண்ணி மிக்சியைப் போட்டால் தொலைந்தது. பாதி அரைந்த சட்னியோடு அண்ணி எத்தனையோ நாள் நின்றிருக்கிறார்.

சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் எடுத்தபோதும் அந்தக் காது ஓயவில்லை. "நர்சம்மா, உங்க மெஷின்ல ஒரு சத்தம் ஜாஸ்தியா கேக்குது" என்று அவர்களைக் கலவரப்படுத்துவார்.

அண்ணனை எடுத்த அன்று, அவரை ஏற்றிய வண்டி வாசலிலேயே கிளம்ப மறுத்தது. ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. எடுத்தவரைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரும் வழக்கம் எங்களிடம் இல்லை. அண்ணன் வண்டியோடு நடுத்தெரு வெயிலில் கிடந்தார். என் கணவர் பானெட்டைத் திறந்து, "பம்பு பூடுச்சி, கழட்டியே ஆவணும்" என்றார்.

வாசற்படியில் என்னோடு நின்ற அண்ணி என் கணவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "அண்ணா, பம்புல கைய வெக்காதீங்க. சாவியப் போடச் சொல்லுங்க. மேளத்த நிறுத்துங்க. கொஞ்ச நேரம் யாரும் அழாதீங்க."

மேளம் நின்றது. அழுகையும் நின்றது. டிரைவர் சாவியைத் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை.

"கரண்டு போவல. வயரப் பாருங்க" என்றார் அண்ணி.

சோலினாய்டுக்குப் போகும் வயரின் முனை பச்சை பூத்துக் கழன்றிருந்தது. என் கணவர் அதைச் சுரண்டிச் செருகினார். மறுபடியும் சாவி. டிக்.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அண்ணி, வண்டிக்குள் இருந்தவரைப் பார்த்து, "கேட்டுச்சாங்க?" என்று கதறினார். வண்டி கிளம்பிவிட்டது.

மருத்துவமனைக்கு மாறி மாறி வந்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், எங்கள் வீட்டுக்குச் சோறாக்கி அனுப்பிய தெருவாருக்கும் எங்கள் நன்றி. அன்று வாசலில் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. உயிரோடு இருந்தவரை அண்ணன் கேட்டுக் கேட்டு எங்களிடம் கிடைக்காத அமைதியை நீங்கள் அவருக்குக் கொடுத்தீர்கள்.

அண்ணனின் தங்கை