பதினோராவது தீர்த்தகிரியின் இரண்டாவது மகன்

எங்கள் ஊர் வாக்காளர் பட்டியலில் பதினோரு தீர்த்தகிரிகள் இருக்கிறார்கள். நல்லம்பள்ளியில் ஓர் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை எனக்கு. அதனால் எண்ணிப் பார்த்தே சொல்கிறேன். தீர்த்தமலை சாமி தீர்த்தகிரீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைகள். வேறு பேர் வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. லாரி தீர்த்தகிரி, மிலிட்டரி தீர்த்தகிரி, மேல்வூட்டுத் தீர்த்தகிரி என்று ஊர் தன் வசதிக்குப் பிரித்து வைத்திருக்கிறது. அவர்களில் இரண்டு பேருக்குத் தகப்பன் பேரும் ஒன்று: மாயவன்.

அந்த இரண்டில் ஒருவர் எங்கள் எதிர்வீடு. பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு ஆபரேட்டர் என்பதால் டேங்க் தீர்த்தகிரி. விடிகாலை ஐந்தரைக்கு அவர் மொபெட் கிளம்பும் சத்தம்தான் தெருவுக்கு அலாரம். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் வால்வைத் திறப்பார். வராத நாளில் போர் மோட்டாரைப் போடுவார். ஒரு தெருவுக்குக் கூட, ஒரு தெருவுக்குக் குறைய என்று விட்டதே இல்லை. இருந்தாலும் திட்டு வாங்குவார். பாதித் திட்டு அவருக்கானதாகவும் இருக்காது. லாரி தீர்த்தகிரி குடித்துவிட்டு விழுந்து கிடந்த மறுநாள், ரேஷன் கடை வரிசையில் ஓர் அம்மாள் இவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா, புள்ளகுட்டிக்காரன், இப்பிடியா குடிப்ப?"

"அது நான் இல்லீங்க ஆயா. வேற தீர்த்தகிரி."

"எந்தத் தீர்த்தகிரியா இருந்தா என்ன, குடிக்காத!"

இவர் டீக்கு மேல் எதையும் குடித்தவரில்லை. தலையை ஆட்டிவிட்டு அரிசியை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் கல்யாணமே கைதவறிப் போயிருக்கும். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த அன்று, பஸ்ஸை விட்டு இறங்கி "மாயவன் பையன் தீர்த்தகிரி வூடு எதுங்க?" என்று கேட்டார்கள். யாரோ கையைக் காட்டினார்கள். அது இன்னொரு மாயவன் வீடு. பூவும் பழமும் வைத்த தட்டைக் கூடத்தில் வைத்துவிட்டு, மாப்பிள்ளையைக் கூப்பிடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். அந்தத் தீர்த்தகிரிக்கு அப்போதே மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். மனைவி பேர் யுவராணி.

"வெளக்கமாத்தோட வந்துச்சு அந்தக்கா," என்று இதைச் சொல்லும்போதெல்லாம் கலைமதிக்குச் சிரிப்பில் மூச்சு முட்டும். டேங்க் தீர்த்தகிரியின் மனைவி அவர். "எங்கப்பா செருப்பக்கூடப் போடாம ஓடியாந்தாரு. அந்தச் செருப்பு இன்னமும் யுவராணிக்கா வூட்லதான் கெடக்குது."

மூத்த பையன் பிறந்தபோது பேருக்கு யோசனையே இல்லை. மூத்த பேரனுக்குத் தாத்தா பேர் என்பது அந்த வீட்டு வழக்கம். மாயவன் என்று வைத்தார்கள். மூன்று வயதில் அங்கன்வாடியில் விட்டார்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு மாயவன்கள் இருந்தார்கள். அன்பரசி டீச்சரும் என்னதான் செய்வார், இவனை டேங்க் மாயவன் என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒருநாள் பையனை அழைத்துவரப் போன தீர்த்தகிரி அதைக் காதால் கேட்டுவிட்டார்.

"எம் பேரே எனக்குன்னு இல்ல, அது போவட்டும்," என்று அன்று சாயங்காலம் எங்கள் வாசலில் நின்று சொன்னார். "அவன் மூணு வயசுப் புள்ள. அவன் தலையிலயும் டேங்க்க ஏத்திட்டாங்க."

கலைமதி அப்போது ஏழு மாதம். "அவ பெத்து வரட்டும் தம்பி. இந்தப் புள்ளைக்காச்சும், கூப்ட்டா அது ஒண்ணு மட்டும் திரும்பிப் பாக்கற மாதிரி ஒரு பேரு வெக்கணும்."

போன ஆவணியில் தருமபுரி பெரியாஸ்பத்திரியில் இரண்டாவதும் ஆண் பிள்ளையாகப் பிறந்தது. "இதுவும் பையனா?" என்று துக்கம் விசாரிப்பதுபோல் கேட்டவர்கள் உண்டு. அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பேர் தேடிக்கொண்டிருந்தார்.

செல்போனில் பார்த்த பேர்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு மையத்துக்கு வருவார். கூட்டம் குறையும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தஷ்வந்த், ருத்விக், கவின். படித்துவிட்டு அவரே அடித்துவிடுவார். "இதெல்லாம் டவுன்ல தெருவுக்கு நாலு இருக்குது." ஒருநாள் தாளுக்குப் பதில் டேங்க் நோட்டைக் கொண்டுவந்தார். தினமும் மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், பக்கத்தில் ஒரு குறிப்பு என்று அவர் கையால் எழுதும் நோட்டு. பிள்ளை பிறந்த தேதிக்கு நேராக விரலை வைத்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடும் அவசரத்திலும் எழுதிவிட்டுத்தான் போயிருந்தார். 'தூறல். மோட்டார் போடவில்லை.'

"தூறல்," என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "எப்பிடி இருக்குது?"

நன்றாக இருக்கிறது என்றேன். 

"பெரியவன் பொறந்த அன்னிக்கி என்ன எழுதியிருக்கன்னு பழைய நோட்டத் தேடி எடுத்தன். மின்தடைன்னு இருந்துச்சு." ஒரு நொடி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குலுங்கிச் சிரித்தார். "நல்லவேள, அவனுக்கு எங்கப்பா பேரு வெச்சோம்."

வாக்காளர் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு பேருமாகப் பார்த்தோம். எங்கள் ஊரில் இல்லை. பக்கத்து இரண்டு பஞ்சாயத்திலும் இல்லை. ஒரு பக்கம்கூடத் தாண்டவிடாமல் பார்த்தார்.

வீட்டில் சொன்ன அன்று பேச்சு தெருவரைக்கும் கேட்டது. அவருடைய அப்பா மாயவனுக்கு எழுபது வயது இருக்கும். சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை.

"மழ பேயறதும் நிக்கறதும் ஒரு பேராடா?"

"ஊர்ல யாருக்கும் இல்லப்பா."

"ஏன் இல்ல? எவனும் வெக்க மாட்டான், அதான் இல்ல. ரெண்டாவதுக்கு எங்கப்பன் பேரு, நஞ்சப்பன்."

"ஊர்ல அஞ்சு நஞ்சப்பன் இருக்காங்கப்பா."

"அதுல ஒருத்தங்கூட எங்கப்பன் இல்லியே." கிழவர் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு ஆறு வயசுல செத்தான். மூஞ்சி ஞாபகமில்ல. ஒரு போட்டோ இல்ல. பேரு ஒண்ணுதான் மிச்சம்."

 எதிர்வீட்டில் இருந்த எனக்கு எந்தப் பக்கம் சேர்வது என்று தெரியவில்லை.

எங்கள் பக்கம் பேர் வைப்பது தகப்பனும் இல்லை, தாத்தாவும் இல்லை. முப்பதாம் நாள், அத்தை கொண்டுவரும் சேலையில் தொட்டில் கட்டி, பிள்ளையை அதில் போட்டு, அந்த அத்தைதான் காதில் மூன்று முறை பேரைச் சொல்வாள். பிறகு நிமிர்ந்து எல்லாருக்கும் சொல்வாள். அவள் வாயில் வந்ததுதான் பேர். அதன்பிறகு யாரும் மாற்றமாட்டார்கள். அதனால் அப்பனும் மகனும் தனித்தனியாக, தீர்த்தகிரியின் அக்கா வருவதற்குக் காத்திருந்தார்கள்.

அக்காவின் பேர் தீர்த்தம்மாள். கடத்தூரில் கட்டிக்கொடுத்து பதினாறு வருடம் ஆகிறது. போன இடத்தில் மாமியார் பேரும் தீர்த்தம்மாள். மாமியார் பேரைச் சொல்லி மருமகளை ஏவினால் மாமியாரையே ஏவியதாகிவிடும். அதனால் கல்யாணமாகி வந்த வாரமே அந்த வீட்டில் அவரைப் 'புதுசு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் பையன் இப்போது பத்தாவது படிக்கிறான். இன்னமும் புதுசுதான். பக்கத்துவீட்டுப் பிள்ளைகள்கூடப் புதுசத்தை என்கிறார்கள்.

பேர் வைப்பதற்கு முந்தின நாளே அக்கா வந்துவிட்டார். அப்பா மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிப்போய்ப் பேசினார். "சரிப்பா" என்றார். தம்பி டேங்க் அடியில் நிறுத்திப் பேசினார். "சரிடா" என்றார். இரண்டு பேருக்கும் தலையாட்டியதைக் கலைமதி கவனித்திருக்கிறார். "அண்ணி, நீங்க யாருக்குத்தான் சரின்னீங்க?" என்று கேட்டதற்கு, "எனக்கே தெரியல கண்ணு" என்று வெங்காயம் உரிக்கப் போய்விட்டாராம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வீடு நிறைந்திருந்தது. நான் கதவோரம் நின்றேன். மாம்பழ நிறச் சேலையில் தொட்டில் தொங்கியது. பிள்ளை விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தீர்த்தகிரி கட்டியிருந்த வேட்டி புதியது. மடிப்புக்கூடக் கலையவில்லை. அவர் அப்பா எதிரே சுவரில் சாய்ந்து நின்றார். அக்கா தொட்டில் பக்கத்தில் வந்து, இரண்டு கையாலும் சேலை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் நின்றார். நேரம் போயிற்று. ஒருத்தி இருமினாள். அக்கா அப்பாவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், மறுபடி தொட்டிலைப் பார்த்தார்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவர் கணவர் பிரபாகர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏ புதுசு! என்ன நின்னுட்டே தூங்கறியா? நல்ல நேரம் போவுது, சட்டுனு சொல்லு!" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட மனசில்லாத சிரிப்புதான். அக்காவும் சிரிக்க முயன்றதுபோல் இருந்தது. பிறகு குனிந்தார். பிள்ளையின் காது முழுதும் அவர் முகத்தால் மறைந்துவிட்டது. மூன்று முறை உதடு அசைந்தது. நிமிர்ந்தபோது குரல் தேவைக்கு மேல் பலமாக வந்தது.

"தூறல்!"

"என்னது?" என்றது ஒரு குரல். "தூறலா? அப்ப அடுத்தது அடமழையா?" என்றது இன்னொன்று. கலைமதி வாயைப் பொத்திக்கொண்டார். கிழவர் யாரிடமும் பேசாமல் வெளியே போனார். மாட்டுக்கொட்டகையில் போய் வைக்கோலை உதறிப் போட ஆரம்பித்தார். மாடு அப்போதுதான் தின்று முடித்திருந்தது.

பாயசம் எடுத்துக்கொண்டு தீர்த்தகிரி பின்னாலேயே போனார்.

"நீ மட்டும் நஞ்சப்பான்னு கூப்டுக்கப்பா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டன்."

கிழவர் வெகுநேரம் வைக்கோலையே உதறிக்கொண்டிருந்தார். "வேணாம்," என்றார் கடைசியில். "நான் ஒண்ணு, நீ ஒண்ணுன்னு கூப்ட்டா புள்ள எந்தப் பக்கம் திரும்பும்?" டம்ளரை வாங்கிக்கொண்டார். குடித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

நாலாம் நாள் பிறப்புச் சான்றிதழில் பேர் சேர்க்க மையத்துக்கு வந்தார்கள். தீர்த்தகிரி மட்டும்தான் வருவார் என்று நினைத்திருந்தேன். கிழவரும் வந்திருந்தார். கடத்தூருக்குத் திரும்பும் அக்காவும், பையும் முருங்கைக்காய்க் கட்டுமாகக் கூடவே வந்திருந்தார். பெஞ்சில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பேர் என்ற கட்டத்தில் நான் எழுத்தைச் சேர்க்கச் சேர்க்க, கிழவர் எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"எழுத்து சரியாப் போடு தம்பி," என்றார். "மூணு பஞ்சாயத்துக்கும் ஒண்ணுதான் இருக்குதாம்."

தீர்த்தகிரி தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது கிழவரின் செல் அடித்தது. காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். கடத்தூரிலிருந்து பிரபாகர்.

"மாமா, புதுசு கெளம்பிட்டாளா?"

கிழவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவர் முருங்கைக்காய்க் கட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"புதுசுன்னு இங்க யாருமில்லீங்களே மாப்ள," என்றார் கிழவர். "எம் பொண்ணு தீர்த்தம்மா பக்கத்துலதான் இருக்குது. குடுக்கட்டுங்களா?"

 அந்தப் பக்கம் எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடிப்பது மட்டும் கேட்டது. லைன் கட்டாகிவிட்டதோ என்று கிழவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரிங்க மாமா," என்றது போன். ஒரு செருமல். "தீர்த்தம்மா... எத்தன மணி பஸ்ஸு?"

 அக்கா கட்டைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனை வாங்கினார்.

"ஒண்ணரைக்கு," என்றார்.