நாடக மிஸ்ஸின் மூன்று பள்ளிக்கூடங்கள்

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்க வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே தொலைப்பது தொண்டையை. நீங்களும் இதே பிழைப்பு என்றால் உங்கள் கைப்பையிலும் ஒரு பனங்கற்கண்டு டப்பா இருக்கும், எனக்குத் தெரியும். நான் இருப்பது செங்கல்பட்டில். திங்கட்கிழமை மின்சார ரயில் பிடித்துப் போய்க் கூடுவாஞ்சேரியில் ஒரு தனியார் பள்ளி. புதன்கிழமை ஸ்கூட்டரில் திருவிடந்தைப் பக்கம் கடலோரத்தில் ஒரு சின்னப் பள்ளி. வெள்ளிக்கிழமை உள்ளூரிலேயே ஒன்று. மூன்று இடத்திலும் எனக்கு ஒரே பெயர்தான், டிராமா மிஸ். ஆறு வருடத்தில் நடந்ததில் சிலதைச் சொல்கிறேன். நமக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஆறுதல் அடையலாம்.

மரம்

கூடுவாஞ்சேரிப் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு காட்டு நாடகம் போட்டோம். ஏழு வயது கவினுக்கு மரம் வேஷம். அவன் அம்மா வந்து, பையனுக்கு ஒரு வரி வசனம்கூட இல்லையே என்று வருத்தப்பட்டார். மரம் விழுகிற இடத்தில்தான் கதையே திரும்புகிறது, அதுவரை அசையாமல் நிற்க எல்லாராலும் முடியாது, கவினால் முடியும் என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன். நான் சொன்னது பொய்யும் இல்லை. ஒத்திகையில் அவன் கொசு கடித்தபோதுகூட அசையவில்லை.

விழா அன்று விறகுவெட்டி வேஷம் போட்ட பையனின் அப்பா ஆசையாக ஒரு புதுக் கோடாலி செய்து அனுப்பியிருந்தார். அட்டைதான், ஆனால் வெள்ளித்தாள் ஒட்டி, மேடை விளக்கில் கண்ணைப் பறித்தது. மரம் அதை ஒரு தரம் பார்த்தது. அடுத்த நிமிடம் இரண்டு கிளைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே ஓடி, அம்மா மடியில் போய் உட்கார்ந்துவிட்டது. கூட்டம் சிரித்த சிரிப்பில் மிச்ச நாடகம் யார் காதிலும் விழவில்லை. ஏன்டா ஓடினே என்று பிறகு கேட்டேன். விவரம் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தான். "அவன் வெட்ட வந்துகினே இருக்கான், நான் சும்மா நிக்கணுமா மிஸ்?"

எந்த மீன்?

திருவிடந்தைப் பக்கத்துப் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் படகு உண்டு. அவர்களுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ஒரு கதை எழுதிக்கொண்டு போனேன். வலையில் சிக்கிய மீன் கெஞ்சும், மீனவர் மனமிரங்கி அதைக் கடலில் விட்டுவிடுவார். மூன்றாம் வகுப்பு தேவிதான் மீனவர். மீன் உருக்கமாகத்தான் கெஞ்சியது. தேவி அசைந்து கொடுக்கவில்லை. கதையை மறுபடி சொன்னேன். அது என்ன மீன் என்று கேட்டாள். வஞ்சிரம் என்று வைத்துக்கொள்ளேன் என்றேன். எனக்குச் சட்டென்று வாயில் வந்த பெயர் அதுதான். வகுப்பு முழுக்க என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. விடியற்காலையில் கடலுக்குப் போன ஆள் வெறுங்கையோடு திரும்பினால் வீட்டில் என்ன நடக்கும் என்று நாலைந்து பேர் எனக்கு விளக்கினார்கள். கடைசியில் தேவியே எனக்காக இறங்கி வந்தாள். "காரப்பொடி மாதிரி பொடி மீனுன்னா வுட்றலாம் மிஸ். வஞ்சிரத்த யாராச்சும் வுடுவாங்களா?"

கைத்தட்டல்

இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம்தான். செங்கல்பட்டுப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் பொய்யாக அழுவது எப்படி என்று இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தேன். அதில் நஸ்ரினை அடித்துக்கொள்ள ஆளில்லை. நினைத்த மாத்திரத்தில் உதடு துடிக்கும், கண்ணில் தண்ணீர் கட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் பின்னால் தொப்பென்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். நஸ்ரின் தரையில் உட்கார்ந்து, இடது கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பாருங்க, இதுதான் நடிப்பு என்று சொல்லி நான் கைதட்டினேன். வகுப்பே தட்டியது. அவள் இன்னும் அழுதாள், நாங்கள் இன்னும் தட்டினோம். அப்புறம்தான் அவள் மணிக்கட்டு வீங்கியிருப்பதைப் பார்த்தேன். பெஞ்சு மேல் ஏறி நின்றவள் தவறி விழுந்திருக்கிறாள். ஆட்டோவில் அவளை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பில் லேசான விரிசல், மாவுக்கட்டுப் போட்டார்கள்.

ஸ்டேஷன் பக்கம் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் அவள் அப்பா, கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். கைதட்டியது உட்பட எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்றுதான் நின்றேன். அவரோ, இரண்டு வாரமாக வீட்டிலும் இதே அழுகைதான், மூன்று தரம் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன், பள்ளியிலிருந்து போன் வந்தபோது நானே முதலில் நம்பவில்லை என்றார். அதற்குள் நஸ்ரின் கட்டுப் போடாத கையால் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "எல்லாரும் தட்டினாங்களே மிஸ், அவ்ளோ நல்லாவா அழுதேன்?"

கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை

போன வருடம் கூடுவாஞ்சேரியில் சில பெற்றோர், நாடக வகுப்பை எடுத்துவிட்டு அபாகஸ் வையுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார் தலைமையாசிரியை. அழகாக ஒரு நாடகம் தயார் செய்து வைத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து ராஜா வேஷம் போடுகிற பையனுக்குக் காய்ச்சல். வேறு வழி தெரியாமல், இன்று காலையில் பள்ளியில் பார்த்த ஒன்றை நடித்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

எட்டு வயது ஹரிணி எழுந்து வந்தாள். இல்லாத கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். வாசலில் நின்று, இங்க யாரு பேசினது என்று அதட்டினாள். உடனே இல்லாத போனை எடுத்து, தேன் ஒழுகும் குரலில் சொல்லுங்க சார் என்று குழைந்தாள். போனை வைத்ததும் மறுபடி அதட்டல். பிள்ளைகள் எல்லாரும் நிஜமாகவே வாயில் விரல் வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். கடைசி பெஞ்சில் அதே கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தவர் பக்கம் நான் திரும்பவே இல்லை. அடுத்த திங்கட்கிழமை ரயில் ஏற வேண்டியதில்லை என்றே முடிவு செய்துவிட்டேன்.

தலைமையாசிரியை எழுந்து முன்னால் வந்தார். அந்தப் போன் பேச்சை மட்டும் இன்னொரு தரம் செய்யச் சொன்னார். ஹரிணி பயமே இல்லாமல் செய்தாள். பிறகு அவர் என்னிடம் சொன்னார்: "அபாகஸ் சனிக்கிழமை வச்சுக்கலாம், திங்கக்கிழமை நீங்க வாங்க. போன் வந்தா மட்டும் நான் இனிமே வெளிய போய்ப் பேசிக்கிறேன்."

இந்த ஆறு வருடத்தில் நான் தெரிந்துகொண்டது, நாடக வகுப்பில் உண்மையில் நடித்துக்கொண்டிருக்கும் ஒரே ஆள், எல்லாம் தெரிந்தவள் போல முன்னால் நிற்கும் டீச்சர்தான் என்பது.